மகப்பேற்றையும் பெண்களின் உடல்நலத்தையும் அரசின் கொள்கை எந்த அளவுக்கு மாற்ற முடியும்?

கேட்கப்பட்டது மூன்று பகுதிகள் கொண்ட கேள்வி. பெண்களின் உடல்நலத்தையும் மகப்பேற்றுப் பராமரிப்பையும் அரசின் கொள்கையால் உண்மையிலேயே மேம்படுத்த முடியுமா, அல்லது நாட்டில் செல்வம் பெருகினால் அவை தாமாகவே சீராகிவிடுமா என்பது முதலாவது. கையில் உள்ள பணம் குறைவு என்றால் எதை முதலில் செய்ய வேண்டும் என்பது இரண்டாவது. செய்ததன் பயன் எத்தனை ஆண்டுகளில் கண்ணுக்குத் தெரியும் என்பது மூன்றாவது. முதல் பகுதிக்கு விடை சுருக்கமானது: முடியும், பல நாடுகள் செய்தும் காட்டியிருக்கின்றன. இரண்டாம் பகுதிதான் விரிவாகப் பேசப்பட வேண்டியது. நல்லெண்ணம் கொண்ட அரசுகளும் சறுக்கிய இடம் அதுதான்.

முதலில் அளவைச் சொல்லிவிடுகிறேன். உலக சுகாதார நிறுவனமும் பிற ஐ.நா. அமைப்புகளும் சேர்ந்து வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2023-ஆம் ஆண்டில் கர்ப்பத்தாலோ பிரசவத்தாலோ இறந்த பெண்கள் ஏறத்தாழ 2,60,000 பேர். அதாவது நாளொன்றுக்கு 700 பேருக்கு மேல். இவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கும் அதிகமானோர் குறைந்த வருமானமும் கீழ்நடுத்தர வருமானமும் கொண்ட நாடுகளைச் சேர்ந்தவர்கள். இறப்புக்கான காரணங்களில் முதலிடம் உதிரப்போக்குக்கு. அதை அடுத்து உயர் ரத்த அழுத்தமும் வலிப்பும், கிருமித்தொற்றும், பாதுகாப்பற்ற கருக்கலைப்பும் வருகின்றன. இவை எல்லாவற்றுக்கும் தடுப்பும் சிகிச்சையும் பல பத்தாண்டுகளாகவே மருத்துவத்தின் கையில் இருக்கின்றன. ஆகவே நாம் பேசப்போவது மருத்துவ அறிவின் குறையைப் பற்றி அன்று. அந்த அறிவு உரிய பெண்ணிடம் உரிய நேரத்தில் போய்ச் சேராத ஏற்பாட்டின் குறையைப் பற்றி.

செல்வம் வந்தால்தான் நலம் வரும் என்ற வாதத்துக்கு இலங்கை நல்ல மறுப்பு. 1930-களில் அங்கே ஒரு லட்சம் பிறப்புகளுக்கு 2,000-க்கும் மேற்பட்ட தாய்மார்கள் இறந்துகொண்டிருந்தனர். 1950-களின் தொடக்கத்தில் அந்த எண்ணிக்கை 600-க்குக் கீழே வந்துவிட்டது. அண்மை ஆண்டுகளில் 30-ஐ ஒட்டி இருக்கிறது. இந்தக் காலம் முழுவதிலும் இலங்கை பணக்கார நாடாக இருந்ததே இல்லை. 1926-இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டது. அதன் வழியில், குறிப்பிட்ட எல்லைக்குட்பட்ட குடும்பங்களைத் தன் பொறுப்பில் வைத்துக்கொண்டு வீடு வீடாகச் செல்லும் பயிற்சி பெற்ற மருத்துவச்சி என்ற பணியிடம் நாடெங்கும் பரவியது. அவளுக்குப் பின்னால் மருத்துவமனைகள் எழுந்தன. சிகிச்சை இலவசமாக இருந்தது. 1940-களின் பிற்பகுதியில் மலேரியா கட்டுக்குள் வந்ததால் கர்ப்பிணிகளின் ரத்த சோகையும் குறைந்தது. இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. 1931-லேயே பெண்களுக்கும் வாக்குரிமை கிடைத்துவிட்டது. தொகுதிக்கு ஒரு மருத்துவமனை வேண்டும் என்று கேட்பது அரசியல்வாதிக்கு லாபமான காரியமாக மாறியதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

இதற்கும் வெகு முன்பு, நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் எதுவும் இல்லாத காலத்தில், சுவீடன் அதே வழியில் நடந்தது. 1751-இல் அந்நாட்டின் சுகாதார ஆணையம் திருச்சபையின் ஊர்ப் பிரிவுகளிலிருந்து வந்த பதிவுகளைக் கூட்டிப் பார்த்து, பிரசவத்தில் இறந்த 651 பெண்களில் குறைந்தது 400 பேரைப் போதிய மருத்துவச்சிகள் இருந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று அறிவித்தது. பிறகு ஊர்தோறும் பயிற்சி பெற்ற மருத்துவச்சிகள் நியமிக்கப்பட்டனர். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுவீடனின் தாய் இறப்பு விகிதம் அமெரிக்காவினுடையதைவிட மிகவும் குறைவாக இருந்தது. முதலில் எண்ணினார்கள், எண்ணியதைக் கண்டு வெட்கப்பட்டார்கள், பிறகு ஆள் நியமித்தார்கள் என்ற இந்த வரிசை கவனிக்கத்தக்கது.

இனி முன்னுரிமைக்கு வருகிறேன். ஒரே ஓர் ஆபத்தை நெருங்கிப் பார்த்தால், எங்கே பணம் போட வேண்டும் என்பது பொதுவான அறிவுரைகளைவிடத் தெளிவாகப் புரியும். குழந்தை பிறந்தாயிற்று, நஞ்சுக்கொடியும் வந்துவிட்டது, ஆனால் கருப்பை சுருங்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். சுருங்காத கருப்பையிலிருந்து ரத்தம் நிற்காமல் வழியும். கடுமையான நிலையில் இரண்டு மணி நேரத்துக்குள் ஆரோக்கியமான ஒரு பெண்கூட இறந்துபோகலாம். ஏற்கெனவே ரத்த சோகை உள்ளவள் என்றால் அவ்வளவு நேரமும் இல்லை. பிரசவம் ஆனவுடன் போடப்படும் 10 யூனிட் ஆக்சிடோசின் ஊசி பலருக்கு இந்த நிலை வராமலே தடுத்துவிடும். ஆனால் அந்த ஊசி மருந்து 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வரையிலான குளிரில் வைக்கப்பட வேண்டியது. மின்சாரம் அடிக்கடி நின்றுபோகும் சுகாதார நிலையத்தில், அல்லது கிடங்கிலிருந்து வெயிலில் வண்டியேறி வந்த பெட்டியில், அதன் வீரியம் குறைந்துவிடும். செவிலியர் விதிப்படி ஊசியைப் போட்டிருப்பார், பதிவேட்டிலும் எழுதியிருப்பார், கருப்பை மட்டும் சுருங்கியிருக்காது.

அடுத்தது, ரத்தம் எவ்வளவு போயிருக்கிறது என்று கண்டறிவது. துணியிலும் படுக்கையிலும் ஊறிப்போன ரத்தத்தைக் கண்ணால் பார்த்து மதிப்பிடும்போது, அனுபவம் உள்ளவர்களும் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, டான்சானியா ஆகிய நான்கு நாடுகளின் மருத்துவமனைகளில் நடந்து 2023-இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், அளவுக் கோடுகள் போட்ட ஒரு பிளாஸ்டிக் விரிப்பைப் பெண்ணின் அடியில் விரித்து ரத்தத்தை அளந்தார்கள். அளவு மீறியதும் கருப்பையைத் தடவிச் சுருங்கச் செய்தல், ஆக்சிடோசின், உறைந்த ரத்தம் கரையாமல் காக்கும் டிரானெக்சாமிக் அமிலம், நரம்பு வழித் திரவம், பரிசோதனை ஆகியவற்றை ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திராமல், எல்லாவற்றையும் சேர்த்தே தொடங்கினார்கள். ஒரு லிட்டர் அல்லது அதற்கு மேற்பட்ட ரத்த இழப்பு, ரத்தப்போக்குக்காக வயிற்றைத் திறந்து செய்யும் அறுவை, அதனால் நேரும் மரணம் ஆகியவற்றின் கூட்டு விகிதம் 60 விழுக்காடு குறைந்தது. ஒரு விரிப்பும் ஓர் ஒழுங்கும் செய்த வேலை இது. டிரானெக்சாமிக் அமிலத்தைப் பற்றியும் ஒரு சொல்: பிரசவமாகி மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் அது உயிரைக் காக்கிறது என்பது 2017-இல் வெளியான ஆய்வின் முடிவு.

இந்த ஒரு காட்சிக்குள்ளேயே எத்தனை கொள்கை முடிவுகள் இருக்கின்றன என்று பாருங்கள். தரம் சோதிக்கப்பட்ட மருந்தை அரசு வாங்குகிறதா, மலிவு விலை ஒன்றை மட்டும் பார்த்து ஒப்பந்தம் போடுகிறதா? குளிர்பதனப் பெட்டிக்கும் மாற்று மின்சாரத்துக்கும் தனி ஒதுக்கீடு உண்டா? மருத்துவர் வரும் வரை காத்திராமல் இந்த ஊசிகளைப் போட மருத்துவச்சிக்குச் சட்டப்படி அதிகாரம் உண்டா? ரத்த சேமிப்பு மையம் எத்தனை மணி நேரத் தொலைவில் இருக்கிறது? புதுக் கட்டடத்துக்கு நாடா வெட்டுவதைப் போல இவற்றுக்கு நாடா வெட்ட முடியாது என்பதால்தான், இவை நிதிநிலை அறிக்கையில் எப்போதும் கடைசி வரிசையில் நிற்கின்றன. குறைந்த பணம் உள்ள அரசு முதலில் போக வேண்டிய இடம் இதுதான் என்று நான் தயங்காமல் சொல்வேன்: இருக்கும் பிரசவ அறைகளில் இருபத்துநான்கு மணி நேரமும் பயிற்சி பெற்ற ஒருவர், அவர் கையில் வீரியம் குறையாத மருந்து, அவருக்குப் பின்னால் அறுவை சிகிச்சையும் ரத்தமும் உள்ள ஒரு மருத்துவமனை, இரண்டையும் இணைக்க ஒரு வண்டி.

கர்ப்பகால வலிப்பு நோயிலும் இதே கதை. மக்னீசியம் சல்பேட் வலிப்பு வரும் வாய்ப்பைப் பாதியாகக் குறைக்கிறது என்பது பத்தாயிரம் பெண்களிடம் நடத்தப்பட்டு 2002-இல் வெளியான ஆய்வில் உறுதியானது. விலை மலிவான மருந்து. ஆயினும் முதல் ஊசியைப் போட்ட பிறகு பெரிய மருத்துவமனைக்கு அனுப்பலாம் என்ற அனுமதியும் பயிற்சியும் கீழ்மட்டச் சுகாதார நிலையங்களுக்குத் தரப்படாததால், ஊசியே போடாமல் வண்டியில் ஏற்றி அனுப்பப்படும் பெண்களுக்கு வழியிலேயே வலிப்பு வந்துவிடுகிறது.

பெண் மருத்துவமனைக்கு வந்து சேருவதிலும் சிக்கல்கள் உண்டு. பொது சுகாதாரத் துறையில் இருப்பவர்கள் மூன்று தாமதங்கள் என்று சொல்வார்கள்: போக வேண்டும் என்று வீட்டில் முடிவெடுப்பதில் ஒன்று, வண்டி பிடித்துப் போய்ச் சேருவதில் ஒன்று, போன இடத்தில் சிகிச்சை தொடங்குவதில் ஒன்று. முதல் இரண்டையும் பணத்தால் ஓரளவு குறைக்கலாம். இந்தியா 2005-இல் மருத்துவமனையில் பிரசவம் செய்துகொள்ளும் பெண்களுக்கு ரொக்க உதவி தரும் ஜனனி சுரக்ஷா திட்டத்தைத் தொடங்கியது. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 2005–06-இல் 38.7 விழுக்காடாக இருந்த மருத்துவமனைப் பிரசவங்கள் 2019–21-இல் 88.6 விழுக்காட்டை எட்டின. தாய் இறப்பு விகிதமும் ஒரு லட்சம் பிறப்புகளுக்கு 254 என்பதிலிருந்து 2018–20-இல் 97-க்கு இறங்கியது. இது பெரிய சாதனை என்பதில் ஐயமில்லை. எனினும் திட்டத்தின் முதல் ஆண்டுகளை ஆராய்ந்த பலரால், பிரசவங்கள் எந்த வேகத்தில் மருத்துவமனைக்கு நகர்ந்தனவோ அதே வேகத்தில் இறப்பு குறைந்ததாகக் காட்ட முடியவில்லை. காரணத்தை ஊகிப்பது கடினமன்று. இரண்டு கட்டில் உள்ள பிரசவ அறைக்கு ஆறு பேர் வந்தால், மூன்றாவது தாமதம் வளர்கிறது. முதல் இரண்டு தாமதங்களில் மிச்சமான நேரம் அங்கே செலவாகிவிடுகிறது.

சியரா லியோன் இதை ஓரளவு முன்கூட்டியே புரிந்துகொண்டது. தாய் இறப்பில் உலகின் மிக மோசமான நாடுகளுள் ஒன்றாக இருந்த அந்நாடு, 2010 ஏப்ரலில் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் கட்டணத்தை நீக்கியது. அதற்குச் சற்று முன்னர், வேலைநிறுத்தத்துக்குப் பிறகுதான் என்றாலும், சுகாதாரப் பணியாளர்களின் ஊதியம் கணிசமாக உயர்த்தப்பட்டது. கூட்டம் வரப்போகிறது என்று தெரிந்தே ஆட்களைத் தக்கவைக்க எடுத்த நடவடிக்கை அது. மருந்துத் தட்டுப்பாடும் கையூட்டாகக் கேட்கப்படும் பணமும் அதனால் ஒழிந்துவிடவில்லை. ஆனால் கட்டணத்தை மட்டும் நீக்கி மற்றதை அப்படியே விட்ட இடங்களைவிட அது நல்ல தொடக்கம்.

மருத்துவமனைக்கு வருவதே நலம் என்று எண்ணினால் எதிர்ப்பக்கச் சறுக்கலும் உண்டு. உலகில் இன்று ஐந்தில் ஒரு குழந்தைக்கு மேல் சிசேரியன் மூலம் பிறக்கிறது. பிரேசிலில் பாதிக்கும் மேல். தேவைப்படும் பெண்ணுக்கு அறுவை கிடைக்காமல் போவதும், தேவைப்படாத பெண்ணுக்கு அறுவை செய்யப்படுவதும் ஒரே நாட்டில், சில வேளை ஒரே மாவட்டத்தில், பக்கத்தில் பக்கத்தில் நடக்கின்றன. இயல்பான பிரசவத்துக்கு ஒரு தொகையும் அறுவைக்கு அதைவிடப் பல மடங்கு தொகையும் காப்பீட்டுத் திட்டம் தருமானால், அந்த விலைப்பட்டியலே கொள்கையாகிவிடுகிறது. ஈரான் 2014-இல் அரசு மருத்துவமனைகளில் இயல்பான பிரசவத்தை இலவசமாக்கியது இந்தச் சாய்வைத் திருப்பத்தான்.

இனி இனப்பெருக்க உரிமை. அரசுகளின் பெரும் தவறுகள் இங்கேதான் நடந்திருக்கின்றன என்பதால் சற்று நின்று பேச வேண்டும். ருமேனியாவின் அனுபவம் எல்லோரும் அறிய வேண்டியது. மக்கள்தொகையைப் பெருக்க வேண்டும் என்று 1966 அக்டோபரில் 770-ஆம் எண் ஆணையின் மூலம் கருக்கலைப்பு ஏறத்தாழ முற்றிலும் தடை செய்யப்பட்டது; கருத்தடைச் சாதனங்களும் எளிதில் கிடைக்காமல் போயின. அடுத்த ஆண்டே பிறப்பு விகிதம் ஏறக்குறைய இரட்டிப்பானது. ஆனால் பெண்கள் மறைவான வழிகளைக் கண்டுபிடித்துக்கொண்டதால் சில ஆண்டுகளில் அது மீண்டும் சரியத் தொடங்கியது. சரியாமல் ஏறிக்கொண்டே போனது தாய் இறப்பு மட்டும்தான். 1989-இல் ஒரு லட்சம் பிறப்புகளுக்கு 170 என்ற அளவை எட்டி, ஐரோப்பாவிலேயே மிக உயர்ந்ததாக அது இருந்தது; இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பாதுகாப்பற்ற கருக்கலைப்பால் இறந்தவர்கள். ஆட்சி கவிழ்ந்த 1989 டிசம்பரில் ஆணை நீக்கப்பட்டது. ஒரே ஆண்டில் அந்த எண் பாதியாகிவிட்டது. அந்த ஓராண்டில் புதிய மருத்துவமனைகள் எழவில்லை, நாடும் செல்வம் பெறவில்லை. மாறியது ஒரு சட்டம். தென்னாப்பிரிக்காவில் 1996-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு கருக்கலைப்பு சார்ந்த இறப்புகள் 90 விழுக்காட்டுக்கு மேல் குறைந்ததும் இதே வகையைச் சேர்ந்தது. கருக்கலைப்பைப் பற்றி ஒருவருடைய அறநோக்கு எதுவாகவும் இருக்கலாம். தடை கருக்கலைப்பின் இடத்தை மாற்றுகிறது, அதன் ஆபத்தைப் பெருக்குகிறது என்ற உண்மையைக் கணக்கில் கொள்ளாமல் உடல்நலக் கொள்கை வகுக்க முடியாது.

பிள்ளை பெற்றே ஆக வேண்டும் என்ற கட்டாயத்துக்கு மறுபக்கம், பெறவே கூடாது என்ற கட்டாயம். இந்தியாவில் நெருக்கடி நிலைக் காலத்தில், 1976–77 என்ற ஒரே ஆண்டில் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைகள் நடந்தன. அவற்றில் பெரும்பாலானவை ஆண்களுக்கு. அந்த வன்முறையின் அரசியல் விலை பெரிதாக இருந்ததால், பின்வந்த அரசுகள் ஆண்களை விட்டுவிட்டுப் பெண்களின் பக்கம் திரும்பின. 2019–21 கணக்கெடுப்பில், மணமான பெண்களில் ஏறத்தாழ 38 விழுக்காட்டினர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆண்களின் அறுவையைச் சார்ந்திருந்த தம்பதியர் 0.3 விழுக்காடு. ஆணுக்குச் செய்யப்படுவது தோலுக்கு அடியில் சில நிமிடங்களில் முடியும் சிறு அறுவை, பெண்ணுக்கு வயிற்றுக்குள் கருவி செலுத்த வேண்டும் என்பதை நினைத்துப் பார்த்தால், இந்த விகிதம் மருத்துவக் காரணத்தால் வந்ததன்று என்பது புரியும்.

எண்ணிக்கை இலக்கு என்ன செய்யும் என்பதை 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் மாவட்டத்தில் நடந்த முகாம் காட்டியது. ஒரே அறுவை மருத்துவர் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்குக் கருத்தடை அறுவை செய்தார். அடுத்த சில நாட்களில் பத்துக்கும் மேற்பட்ட இளம் தாய்மார்கள் இறந்தனர். இலக்குகளைக் கைவிடுவதாக மைய அரசு 1996-லேயே அறிவித்திருந்தது. அதற்கும் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு கெய்ரோவில் நடந்த ஐ.நா. மக்கள்தொகை மாநாட்டில் 179 நாடுகள், மக்கள்தொகைக் கொள்கையின் மையம் பெண்ணின் உரிமையும் நலமுமே என்று ஒப்புக்கொண்டிருந்தன. காகிதத்தில் இலக்கு போய்விட்டாலும், மாதாந்திரக் கூட்டத்தில் உங்கள் வட்டாரத்தில் எத்தனை என்ற கேள்வி போகவில்லை. 2016-இல் உச்ச நீதிமன்றம் இத்தகைய முகாம்களை மூன்று ஆண்டுகளுக்குள் நிறுத்துமாறு உத்தரவிட்டது. தென் அமெரிக்காவின் பெரு நாட்டில் 1990-களின் பிற்பகுதியில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்கு, பெரும்பாலும் ஏழைப் பழங்குடிப் பெண்களுக்கு, நடந்ததும் வேறன்று.

இவ்விரு வரலாறுகளிலிருந்தும் நடைமுறைக்கு ஏற்ற ஒரு பாடம் உண்டு. கருத்தடைத் திட்டத்தை எத்தனை அறுவைகள் நடந்தன என்று அளக்கக் கூடாது. வந்த பெண்ணுக்கு எத்தனை வழிமுறைகள் கைக்கெட்டும் நிலையில் இருந்தன, பக்க விளைவுகள் சொல்லப்பட்டனவா, பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ளவோ நிறுத்திக்கொள்ளவோ முடிந்ததா என்றுதான் அளக்க வேண்டும். கையில் பொருத்தும் குச்சியையோ கருப்பைக்குள் வைக்கும் சாதனத்தையோ எடுத்துவிடுங்கள் என்று வரும் பெண்ணைக் காரணம் கேட்டுத் திருப்பி அனுப்பாத மருத்துவமனை, நல்ல திட்டத்தின் அடையாளம். வங்கதேசத்தில் 1970-களின் இறுதியிலிருந்து பெண் களப்பணியாளர்கள் மாத்திரைகளையும் ஊசிகளையும் வீட்டு வாசலுக்கே கொண்டுபோனபோது, ஏழை நாட்டில்கூடக் கருவுறுதல் விகிதம் (ஒரு பெண் சராசரியாகப் பெறும் குழந்தைகள்) ஆறுக்கு மேலிருந்து இரண்டரைக்கும் கீழே இறங்கியது. அந்தத் திட்டத்திலும் குறைகள் உண்டு. ஆனாலும் பெண்கள் கேட்டதைத் தந்தால் அவர்களே தேடி வருவார்கள் என்பதற்கு அது சான்று.

பிரசவத்துக்கு வெளியே உள்ள உடல்நலத்துக்கு அரசுகள் தரும் இடம் மிகவும் குறுகியது. உலகில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினருக்கு ரத்த சோகை இருக்கிறது. இரும்புச்சத்து மாத்திரை இதற்கு எல்லா நாடுகளும் கையாளும் மருந்து. மாத்திரைகள் வழங்கப்பட்ட கணக்கு இருக்கும், விழுங்கப்பட்ட கணக்கு இருக்காது. குமட்டலும் மலச்சிக்கலும் வரும், மலம் கறுப்பாகப் போகும், அது அஞ்சத்தக்கதன்று என்று முன்கூட்டியே சொல்லாமல் கொடுத்த மாத்திரைகள் பெட்டியிலேயே கிடக்கும். கர்ப்பம் தொடங்கிய பிறகு ரத்தத்தை ஏற்ற முயல்வதைவிடப் பள்ளிப் பருவத்திலேயே தொடங்குவது எளிது. அதிக மாதவிடாய்ப் போக்கும் குடற்புழுவும் சரிசெய்யப்படாமல் இரும்பை மட்டும் ஊற்றுவது ஓட்டைக் குடத்தில் நீர் நிறைப்பதாகும்.

கருப்பைவாய்ப் புற்றுநோயில் வாய்ப்பு இன்னும் பெரிது. 2022-இல் மட்டும் ஏறத்தாழ 3,50,000 பெண்கள் இதனால் இறந்தனர். இதைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசியை 2007-இல் ஆஸ்திரேலியா தேசியத் திட்டமாக்கியது. வளமான நாடுகளால்தான் இது முடியும் என்று பேசப்பட்டுக்கொண்டிருந்தபோதே, 2011-இல் ருவாண்டா பள்ளிகள் மூலம் ஊசி போட்டு, பள்ளிக்கு வராத சிறுமிகளை ஊர்ச் சுகாதாரப் பணியாளர்கள் தேடிக் கண்டுபிடித்து, 90 விழுக்காட்டுக்கு மேற்பட்டோரை அடைந்தது. ஒரே தவணை போதும் என்று 2022-இல் உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்ட பிறகு செலவும் பாதியாகிவிட்டது. ஊசி போடப்படாத தலைமுறைக்கு 35 வயதிலும் 45 வயதிலும் ஒரு பரிசோதனை வேண்டும். பரிசோதித்த அன்றே, அல்லது முடிவு வந்த கையோடு, சிகிச்சையும் கிடைக்க வேண்டும். பரிசோதனையை ஓர் ஊரிலும் சிகிச்சையை இன்னோர் ஊரிலும் வைத்தால் நடுவழியில் பெண்கள் நின்றுவிடுகிறார்கள். மாதவிடாய்ப் பொருட்களின் வரி, கருப்பை அகப்படலம் வெளியே வளரும் நோய், மாதவிடாய் நின்ற பிறகான எலும்புத் தேய்வு, பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு ஆகியவையும் இப்போதுதான் கொள்கை ஆவணங்களுக்குள் நுழைகின்றன.

இவை அனைத்தையும் செய்வது யார்? உலகில் சுமார் 9 லட்சம் மருத்துவச்சிகள் குறைவு என்று 2021-இல் மதிப்பிடப்பட்டது. அந்தக் குறையை நிரப்ப அரசுகள் கண்ட மலிவான வழி, ஊரிலுள்ள பெண்களையே தொண்டர்கள் என்ற பெயரில் அமர்த்துவது. இந்தியாவின் ஆஷா பணியாளர்கள் ஏறத்தாழ 10 லட்சம் பேர். நேபாளத்தில் 1988 முதல் இத்தகைய பெண் தொண்டர்கள் இயங்கி வருகிறார்கள். இவர்களால் காப்பாற்றப்பட்ட உயிர்கள் ஏராளம். நள்ளிரவில் வலி வந்த பெண்ணோடு வண்டியில் ஏறும் ஒருத்தியை அரசு ஊழியர் என்று அழைக்க மறுத்து, வேலைக்குத் தக்க ஊக்கத்தொகை மட்டும் தருவது பெண்கள் நலத்துக்கான திட்டத்தின் செலவைப் பெண்களின் தலையிலேயே கட்டுவதாகும் என்று எனக்குப் படுகிறது. எத்தியோப்பியா 2000-களின் முற்பகுதியில் தொடங்கிய திட்டத்தில் 30,000-க்கும் மேற்பட்ட பெண்களை ஓராண்டு பயிற்சியளித்து ஊதியம் பெறும் அரசுப் பணியாளர்களாகவே நியமித்தது என்பதைச் சுட்டிக்காட்ட வேண்டும்.

பேறுகால விடுப்பிலும் செலவை யார் தலையில் வைப்பது என்பதே மையக் கேள்வி. சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 2000-ஆம் ஆண்டு உடன்படிக்கை குறைந்தது 14 வார விடுப்பைச் சொல்கிறது. விடுப்புக் கால ஊதியத்தைச் சமூகக் காப்பீட்டிலிருந்தோ பொது நிதியிலிருந்தோ தர வேண்டும், தனி முதலாளியின் மேல் சுமத்தலாகாது என்றும் சொல்கிறது. இந்தியா 2017-இல் விடுப்பை 26 வாரங்களாக உயர்த்தியது. ஆனால் சுமையைப் பெரும்பாலும் நிறுவனங்களிடமே விட்டது. நிறுவனமே முழுச் செலவையும் ஏற்க வேண்டிய இடத்தில், இளம் பெண்ணை வேலைக்கு எடுக்கத் தயங்குவார்கள் என்பது முன்பே தெரிந்ததுதான். அமைப்புசாராத் தொழிலாளிக்கோ எந்த விடுப்பும் இல்லை.

பணமே இல்லை என்று சொல்லும் அரசாலும் செய்யக்கூடிய ஒன்று உண்டு: ஒவ்வொரு தாய் இறப்பையும் தனித்தனியாக ஆராய்வது. இங்கிலாந்தும் வேல்ஸும் 1952 முதல் பெயரை மறைத்து, யாரையும் தண்டிக்கும் நோக்கம் இல்லாமல் இதைச் செய்து வருகின்றன. மயக்க மருந்தால் நேர்ந்த தாய் இறப்புகள் அங்கே அரிதாகிப் போனதற்கு இந்த ஆய்வுகளே முக்கியக் காரணம். இதில் கேட்கப்பட வேண்டியவை எளிய கேள்விகள். அவள் எத்தனை மணிக்கு வந்தாள், முதல் ஊசி எத்தனை மணிக்குப் போடப்பட்டது, ரத்தம் கேட்டு எத்தனை மணிக்குத் தொலைபேசினார்கள், எத்தனை மணிக்கு வந்தது? விசாரணை முடிந்ததும் செவிலியர் ஒருவரை இடைநீக்கம் செய்யும் வழக்கம் உள்ள இடங்களில், அடுத்த முறை அந்த நேரங்கள் திருத்தி எழுதப்படும். நெருக்கடியான பெண்ணை உள்ளேயே சேர்க்காமல் வேறு மருத்துவமனைக்கு அனுப்பிவிடும் பழக்கமும் வளரும். ஆகவே ஆய்வுக்கும் ஒழுங்கு நடவடிக்கைக்கும் நடுவே சட்டத்தாலேயே ஒரு சுவர் எழுப்ப வேண்டும்.

கடைசியாகக் கேட்கப்பட்ட காலக் கணக்கு. எல்லாவற்றுக்கும் ஒரே கால அளவு இல்லை. உயிருக்கு ஆபத்தான ஒரு சட்டத்தை நீக்கினால், ருமேனியாவில் கண்டதைப் போல ஓராண்டிலேயே மாற்றம் தெரியும். பிரசவ அறையில் ரத்தத்தை அளக்கும் விரிப்பும் மருந்துகளும் ஒழுங்கும் வந்தால், அந்த மருத்துவமனையின் பதிவேட்டில் சில மாதங்களில் தெரியும். மருத்துவச்சிகளைத் தேர்ந்தெடுத்துப் பயிற்றுவித்து, அவர்களுக்குப் பின்னால் மருத்துவமனைகளையும் நிறுத்தினால், இலங்கையிலும் மலேசியாவிலும் நடந்தது போலத் தாய் இறப்பு விகிதம் ஏறக்குறைய பத்தாண்டுக்கு ஒருமுறை பாதியாகும். இந்த ஆண்டு 12 வயதுச் சிறுமிக்குப் போடப்படும் எச்.பி.வி. தடுப்பூசியின் முழுப் பயன் அவளுக்கு நாற்பது வயதாகும்போதுதான் புற்றுநோய்ப் பதிவேட்டில் தெரியவரும். அதற்குள் அரசு ஐந்தாறு முறையாவது மாறியிருக்கும்.